செஞ்சியிலிருந்து வராத நான்கு தூண்கள்

வயதில் என்னைவிடச் சின்னவனும், அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவனுமான ஏழுமலைக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதில்லை. எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஒரே ரயிலில் போனவர்களுக்குக் கடிதம் எதற்கு? கடைசி ஆறு வருடம் பேசாமல் இருந்தோமே, அப்போதாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பாண்டிச்சேரியை நடந்தே சுற்றிப் பார்த்தேன். சிரிக்காதே. திண்டிவனத்துக்காரன் பாண்டிக்குப் போவதில் என்ன அதிசயம் என்பாய். ஆஸ்பத்திரிக்குப் போவோம், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போவோம், வேறு ஒன்றுக்காகப் போகிறவர்கள் வீட்டில் சொல்லாமல் போவார்கள். ஐம்பத்து மூன்று வயதுவரை நானும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்த வேலையை முடித்து, அதே பஸ் ஸ்டாண்டில் ஏறி வந்தவன்தான். தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், தெருப் பெயர்ப் பலகையை எல்லாம் அண்ணாந்து படித்துக்கொண்டு, வெளியூர்க்காரனைப் போல நடந்தது இதுதான் முதல் தடவை.

கூட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? உன் மகள் சத்யா.

இனிச் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரிந்த கதை. ஆனால் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தாம்பரம் போகும் காலைப் பாசஞ்சரில் நீ விழுப்புரத்தில் ஏறுவாய். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் உனக்கு ஃபிட்டர் வேலை. ஏறியவுடன் நாலாவது பெட்டியில், உனக்கு எதிரே இருக்கும் ஜன்னலோரச் சீட்டில், உன் பச்சைத் துண்டை விரித்துவிடுவாய். விக்கிரவாண்டியிலும் மயிலத்திலும் ஏறுகிறவர்கள் துண்டைப் பார்த்துவிட்டு நகர்ந்து போவார்கள். திண்டிவனத்தில் நான் ஏறியதும் துண்டு உன் தோளுக்குத் திரும்பும். ரயில்வே சட்டத்தில் இதற்கு இடம் கிடையாது. ஆனாலும் எங்கள் வண்டியில் அடுத்தவன் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தவனை நான் பார்த்ததில்லை.

எனக்குச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் வேலை. படித்தது எம்.ஏ. வரலாறு. கல்லூரியில் பாடம் நடத்தப் படித்தேன். அந்த வேலை, நேர்முகத் தேர்வில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த, யாரோ ஒருவருடைய மருமகனுக்குக் கிடைத்தது. அந்த மருமகன் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. வகுப்பறை கிடைக்காததால் நாலாவது பெட்டியில் பாடம் நடத்தினேன். பல்லவர், சம்புவராயர், நாயக்கர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் திண்டிவனத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஆண்டு மடிந்தார்கள். மயிலத்தில் ஏறும் வங்கிக் குமாஸ்தா லோகு காதில் இயர்போனைச் செருகிக்கொள்வான். நீ மட்டும் வேகவைத்த மல்லாட்டையை, மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை, உரித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்பாய். நீ கேட்டாயா, மென்றுகொண்டு மட்டும் இருந்தாயா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஒருநாள் செஞ்சித் தூண்களைப் பற்றிப் பேச்சு வந்தது. பாண்டிக் கடற்கரையில் சிலையைச் சுற்றி நிற்கும் பெரிய கருங்கல் தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்தபோது அங்கிருந்து கொண்டு போனவை என்று சொல்வார்கள். நான் அதைச் சூடாகச் சொன்னேன். நம் ஊர்க் கல் அங்கே போய்க் கடல்காற்று வாங்குகிறது, கேட்பாரில்லை என்றேன். நடந்து எத்தனை தலைமுறை ஆனாலும் எனக்குக் கோபப்பட ஏதாவது ஒன்று வேண்டும்.

"எத்தினி தூணு வாத்தியாரே?" என்று கேட்டாய்.

பன்னிரண்டு என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை துண்டை மடித்தபடியே நீ சொன்னாய்: "நேத்து ஊட்டுல இருக்கறவங்கள கூட்டிக்கினு பாண்டி போயிருந்தேன் வாத்தியாரே. நம்ம தூணுதானேன்னு எண்ணிப் பாத்தேன். எட்டுதான் இருக்குது."

லோகு இயர்போனைக் கழற்றினான். மீதி நாலும் வாத்தியார் வீட்டு மாட்டுக்கொட்டாயில் நிற்கும், போய்ப் பாருங்கள் என்றான். பெட்டியே சிரித்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. நீயும் சிரித்தாய். மல்லாட்டைத் தோல் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தாய்.

அடுத்த ஸ்டேஷன் ஒலக்கூர். பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஏழாவது பெட்டியில் ஏறினேன். ஆறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

முதல் வாரத்தில் நீ செங்கல்பட்டுப் பிளாட்பாரத்தில் இறங்கி வந்து என் கையைப் பிடித்தாய். வண்டி கிளம்ப ஒரு நிமிடம்தான் இருந்தது. ஒரு சிரிப்புதானே வாத்தியாரே, வா என்றாய். "எட்டுப் பேரு உக்கார்ற எடத்துல பன்னெண்டாவது ஆளு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வெகுநாள் அந்தப் பதிலை நினைத்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. ஆனால் தினமும் காலையில் வண்டி திண்டிவனத்துக்குள் நுழையும்போது நாலாவது பெட்டி என்னைத் தாண்டிப் போகும். ஜன்னலோரச் சீட்டில் பச்சையாக ஏதோ தெரியும். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

பங்குனியில் நீ போனாய். லோகுதான் போன் செய்தான். விழுப்புரத்துக்கு வந்தேன், மாலையோடு வந்தேன். உன் தெருமுனையில் முகம் தெரியாத ஒருவரிடம் மாலையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வீட்டுக்குள் வந்தால் யாராவது என்னைப் பார்த்து, அந்தப் பன்னிரண்டு தூண் வாத்தியார் இவர்தானா என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம். சாவு வீட்டிலும் எனக்கு என் கவலை.

போன வாரம் சத்யா போன் செய்தாள். பாண்டியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை ஊருக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். ஒரு விடுதிக்காரர் தன்னிடம் தங்குகிறவர்களை அவளிடம் அனுப்புகிறார். அதில்தான் சிக்கல். நடந்து பார்த்த ஒருவர், இந்தப் பெண் பன்னிரண்டு தூண் என்று கதை விடுகிறாள், நின்று எண்ணினால் எட்டுதான் என்று இணையத்தில் எழுதிவிட்டார். விடுதிக்காரர் கைவிரித்துவிட்டார். ஆதாரம் காட்டு, இல்லாவிட்டால் இனி ஆள் அனுப்பமாட்டேன் என்கிறார்.

"எந்தப் புக்குல இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, சித்தப்பா. காட்டிட்டேன்னா முடிஞ்சுது. நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாரு."

அவள் சொன்னதில் எனக்கு முதலில் சுருக்கென்று பட்டது எது தெரியுமா? சித்தப்பா என்ற சொல். நம் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார்கள் பிறந்த நாளாகப் போட்டது ஒரே ஜூன் மாதத் தேதி. நிஜத்தில் யார் பெரியவன் என்று பதினாலு வருடம் சண்டை போட்டோம். எந்த மழையில் பிறந்தோம், எந்தத் திருவிழாவுக்கு முன்னால் பிறந்தோம் என்றெல்லாம் சாட்சி சொன்னோம். தீர்ப்பு வரவேயில்லை. நீ உன் வீட்டுக்குப் போய் உனக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டாய். இது என்ன நியாயம்?

அப்படி ஒரு புத்தகம் இல்லையம்மா என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். என்னிடம் ஒருவர் ஆதாரம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! உண்மையை முழுதாகச் சொன்னால், வேறொரு எண்ணமும் இருந்தது. உன் மகள் சரித்திரத்தை எப்படிச் சொல்கிறாள், எங்கெங்கே தப்பு விடுகிறாள் என்று பார்க்க ஆசை. சட்டைப் பையில் சிவப்புப் பேனா எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாண்டி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஆறரை மணிக்குக் கூடினோம். சென்னையிலிருந்து நாலு பெண்கள், பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த விடுதிக்காரர். கூட லோகு. நான் வரப்போவதைச் சத்யா அவனிடம் சொன்னாளாம், வந்துவிட்டான். என்னைப் பார்த்து, நரைத்துவிட்டீர்களே என்றான். ஏழாவது பெட்டியில் வெயில் அதிகம் என்றேன். ஆறு வருடத்தில் நேருக்கு நேர் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது.

சத்யா உன்னைப் போலவே குள்ளம். உன்னைப் போலவே கையை ஆட்டிப் பேசுகிறாள். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பெரிய மாதாகோயிலுக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினாள். "சரித்திரம்னா ராஜா செத்த தேதி இல்லீங்க. அவன் வெட்டுன கொளத்துல இன்னிக்கி யாரு துணி தொவைக்கிறாங்கன்னு பாக்கறதுதான்" என்றாள்.

பேனாவை எடுத்தவன் அப்படியே நின்றேன். அது என் வாக்கியம், ஏழுமலை. அச்சிறுபாக்கத்துக்கும் மேல்மருவத்தூருக்கும் நடுவே நான் சொன்னது. நீ மென்றுகொண்டிருந்தாய் என்று நினைத்தேனே.

அதற்குப் பிறகு அவள் கூட்டிப்போன வழிதான் எனக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரர்கள் போகும் மஞ்சள் சுவர்த் தெருக்களுக்கும் காகிதப்பூ தொங்கும் வாசல்களுக்கும் போனோம், இல்லையென்று சொல்லவில்லை. பெங்களூர்க்காரர் ஒரு நீலக் கதவுக்கு முன்னால் மனைவியை நிறுத்தி இருபது படம் எடுத்தார். ஆனால் நடுநடுவே, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் பதித்திருக்கும் கருங்கல் பலகைகள், ஒரு பழைய வீட்டுக் கொல்லைக் கிணற்றின் சுற்றுக்கல், ஒரு சந்துமுனையில் பாதி மண்ணில் புதைந்த கல் என்று எந்த வழிகாட்டியும் காட்டாத இடங்களில் நிறுத்தினாள். ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். இங்கேயும் அப்பா தேடினார்.

எதைத் தேடினார் என்று சென்னைப் பெண் ஒருத்தி கேட்டாள். மீதி நாலு தூணை என்றாள் சத்யா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவாயாம். ஒரு தெருவைப் பிடித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பாயாம். நாலு தூணையும் எங்கேயாவது தூக்கிப் போட்டிருப்பார்கள், எங்கேயாவது படியாகவோ பாலமாகவோ கிடக்கும் என்று வீடு வீடாகக் கேட்பாயாம். கேட்ட வீட்டில் எல்லாம் அவரவர் வீட்டுக் கதையைச் சொல்ல, அந்தக் கதைகளைத்தான் இப்போது உன் மகள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெயில் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலோரம் ஒரு டீக்கடை. கடைக்காரர் சத்யாவைப் பார்த்ததும், தூண்காரர் பொண்ணு வந்துடுச்சு என்று கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தார். உனக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயராம். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. டீயை ஆற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பேஜார் புடிச்ச மனுசன் சார். எல்லாக் கல்லையும் தடவிப் பாப்பாரு. கெடைக்கலன்னா இன்னா பண்ணுவன்னு ஒருநாளு கேட்டேன். கெடைக்கிற வரைக்கும் என் தோஸ்து ஏழாவது பொட்டியிலதான் போய்க்கினு இருப்பான்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

புரிகிறது என்றேன், கொடுத்த டீயைக் குடிக்காமலே. லோகு என் கையிலிருந்த கிளாஸை வாங்கி பெஞ்சில் வைத்தான்.

அங்கிருந்து கடற்கரை பக்கம்தான். எட்டரை மணி வெயிலில் கடல் தகடு மாதிரி கிடந்தது. தூண்களை இன்றுதான் நான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். ஆம், முதன்முதலாக. கை வைத்துப் பார்த்தேன். உப்புக் காற்றில் நின்றும் நம் பக்கத்து வேலைப்பாடு அப்படியே இருக்கிறது. எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன்.

விடுதிக்காரர் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "சொல்லும்மா. எட்டு இங்க நிக்குது. பன்னெண்டுன்னு எந்த ஆதாரத்துல சொல்ற?"

சத்யா என்னைப் பார்த்தாள். உன் கண்தான் அவளுக்கும். சந்தேகமே இல்லாத கண்.

பஸ்ஸில் வரும்போதே நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். பிரெஞ்சு ஆவணங்களில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு வரவில்லை என்று கனமாக ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். எம்.ஏ. படித்தவன், நரைத்தவன், பாக்கெட்டில் சிவப்புப் பேனா வேறு. லோகு மட்டும் நம்பியிருக்கமாட்டான். ஆனால் அவனுக்காக நான் உண்மையைச் சொல்லவில்லை.

"எட்டுதாம்மா. பன்னெண்டுன்னு எந்தப் புக்குலயும் இல்ல. உங்கப்பா ரயில்ல கேட்டாரு. தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பன்னெண்டுன்னு சொல்லிட்டேன். இன்னிக்கி வரைக்கும் நான் இந்தத் தூணுங்கள கிட்டக்க பாத்ததேயில்ல."

பெங்களூர்க்காரருடைய மனைவி கணவனிடம் ஏதோ கேட்டாள். அவர் மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் ஒலக்கூரில் இறங்கிய மாதிரி இறங்கிப் போக இங்கே ஸ்டேஷனும் இல்லை.

லோகுதான் வாயைத் திறந்தான். "அப்ப மாட்டுக்கொட்டாய்ல தேட வேணாமா வாத்தியாரே?"

சிரித்தேன். மல்லாட்டைத் தோல் மூக்கில் ஏறியவனைப் போல, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அன்று நாலாவது பெட்டியிலேயே இதைச் சிரித்துத் தொலைத்திருக்கலாம். ஆறு வருடம் தாமதம். ரயில்வேகூட இவ்வளவு தாமதம் செய்ததில்லை.

விடுதிக்காரரின் முகத்தில்கூட ஓர் இளக்கம் வந்துவிட்டது. பன்னிரண்டு என்று சொல்லாதே, இப்போது இவர் சொன்னாரே, அதை அப்படியே சொல், அதற்காகவே ஆள் அனுப்புகிறேன் என்றார். இந்த ஊரில் இருக்கும் கல்லை எல்லாரும் காட்டுகிறார்கள், இல்லாத கல்லுக்காக ஊரையே நடந்து பார்த்த ஆளை யார் காட்டுகிறார்கள் என்றார். அவருக்கும் கொஞ்சம் பேச வரும் போலிருக்கிறது.

சத்யா தனியாக என் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள், "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது சித்தப்பா" என்றாள். "ஒரு தடவ கேட்டேன். இன்னும் பாதி ஊரு பாக்கி இருக்குதுன்னு சொல்லிட்டாரு."

தெரியுமா உனக்கு? இல்லாததைத்தான் தேடுகிறோம் என்று தெரிந்தேதான் நடந்தாயா? அல்லது நான் சொன்னால் தப்பிருக்காது என்று நிஜமாகவே நம்பினாயா? இரண்டில் எது என்றாலும் எனக்குத் தாங்கவில்லை. இரண்டுமே சந்தோஷமாகவும் இருக்கிறது. இப்படி ஒரு நிலை வரும் என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை.

திரும்பும்போது சத்யா சிவப்புப் பேனாவைக் கவனித்துவிட்டாள். என்ன திருத்தம், சொல்லுங்கள் என்றாள். ஒன்றே ஒன்று சொன்னேன். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மகள் மாதிரி நடக்கிறாய், கூட வருகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. ஒப்புக்கொண்டாள். பதிலுக்கு, அடுத்த ஞாயிறு முதல் கடற்கரைக்கு வந்து இந்தக் கதையை நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். அதாவது வாராவாரம், முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால், நான் தப்புச் சொன்னதை நானே சொல்ல வேண்டும். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனையை அந்த மருமகன்கூட யோசித்திருக்கமாட்டான். சரி என்றுவிட்டேன்.

எனக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அந்த நேர்முகத் தேர்வை நான் மறக்கமாட்டேன். செஞ்சிக் கல் கடல்காற்று வாங்குவதும் எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை. என் கோபப் பட்டியலிலிருந்து உன் பெயர் மட்டும் இன்று போயிற்று. அதை நீ போட்ட துண்டே ஆறு வருடமாக அழித்துக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

துண்டு என்றதும் இன்னொரு செய்தி. பஸ் ஏறும்போது லோகு சொன்னான். நீ போன பிறகு சத்யாவின் அம்மா அந்தப் பச்சைத் துண்டை அவனிடம் கொடுத்துவிட்டாராம். அவன் மயிலத்தில் ஏறியதும் என் சீட்டில் போட்டுக்கொண்டு வருகிறானாம். நான் வராததைப் பார்த்து, ஒலக்கூர் தாண்டியதும் மடித்து வைப்பானாம். "கை வலிக்குது வாத்தியாரே, ஜல்தியா வந்து சேருங்க" என்றான்.

நாளைக் காலை நாலாவது பெட்டியில் ஏறுகிறேன். செய்தித்தாள் கொண்டுபோகப் போவதில்லை. உன் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு மல்லாட்டை கொடுப்பேன், சரித்திரமும் சொல்வேன். எத்தனை என்று யாராவது கேட்டால், போய் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை சொல்கிறேன் என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்யாவோடு நடப்பேன். இன்னும் பாதி ஊர் பாக்கி இருக்கிறது என்றாயே, அதை நான் பார்த்து முடிக்கிறேன்.

அந்த ஜூன் மாதத் தகராறையும் இத்தோடு முடித்துக்கொள்வோம். சாட்சியும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். கோபித்துக்கொண்டு போனவனுக்கு ஆறு வருடம் இடம் பிடித்து வைத்திருந்தவன் எவனோ, அவன்தான் மூத்தவன்.

உன் தம்பி,
குணசேகரன்
திண்டிவனம்